ஹர்ட் (ஜானி கேஷின் இசைக் காணொளி)

ஹர்ட் என்பது, கன்ட்ரி எனப்படும் அமெரிக்க ஊரக இசையின் பெரும் பாடகர்களுள் ஒருவரான ஜானி கேஷ் (1932–2003) தம் வாழ்வின் கடைசிக் காலத்தில் தோன்றிய இசைக் காணொளி ஆகும். இதனை மார்க் ரோமனெக் இயக்கினார். ஓடும் நேரம் நான்கு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. எழுபது வயதை எட்டி, நோயால் தளர்ந்த ஒரு மனிதர் தம் வீட்டில் தனியே அமர்ந்து பாடுகிறார். இடையிடையே அவருடைய இளமைக்காலப் படக்காட்சிகள் வந்து போகின்றன. கதை என்று சொல்ல இதற்கு மேல் எதுவும் இல்லை. ஆயினும், நினைவையும் தனிமையையும் பொருளாகக் கொண்ட இசைக் காணொளிகள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான திரைப்படப் பாடல் காட்சியிலிருந்து இசைக் காணொளி வேறுபட்டது. திரைப்பாடல் ஒரு கதைக்குள் வருகிறது; பாடுபவர் ஒருவர், திரையில் வாயசைப்பவர் இன்னொருவர். இசைக் காணொளியில் பெரும்பாலும் பாடகரே தோன்றுவார். அடிப்படையில் அது இசைத்தொகுப்பை விற்பதற்கான விளம்பரம். 1981இல் அமெரிக்காவில் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் இவ்வகைப் படங்கள் பெருந்தொழிலாக வளர்ந்தன. இளமை, உடை, நடனம், வேகம் ஆகியவையே அத்தொழிலின் முதலீடாக இருந்தன. அத்தகைய சந்தைக்கு நடுங்கும் கையும் சுருங்கிய முகமும் கொண்ட ஒரு முதியவரின் படம் வந்து சேர்ந்தது.

பாடலும் பாடகரும்

இப்பாடல் கேஷ் எழுதியதன்று. நைன் இன்ச் நெயில்ஸ் என்ற இசைக்குழுவின் டிரென்ட் ரெஸ்னர் எழுதியது. 1994இல் வெளிவந்த த டவுன்வர்ட் ஸ்பைரல் தொகுப்பின் கடைசிப் பாடலாக அது இடம்பெற்றது. அப்போது ரெஸ்னருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் குரலாகவே அன்றைய கேட்போர் அதைக் கேட்டனர்.

கேஷ் ஆர்கன்சா மாநிலத்தின் டயஸ் என்ற குடியேற்ற ஊரில், பருத்தி வயல்களில் வேலை செய்து வளர்ந்தவர். 1955இல் மெம்ஃபிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் பாடத் தொடங்கினார். 1968இல் ஃபோல்சம் சிறையிலும் 1969இல் சான் குவென்டின் சிறையிலும் கைதிகளுக்காகப் பாடிப் பதிவுசெய்த தொகுப்புகள் அவருடைய புகழை உச்சிக்குக் கொண்டுசென்றன. அதே காலத்தில் ஊக்க மாத்திரைகளுக்கு அடிமையாகி, மீண்டு, மறுபடி விழுந்து எழுந்ததும் அவர் மறைக்காத வரலாறு. 1980களில் அவருடைய இசைத்தட்டுகள் விற்கவில்லை. நீண்டகாலம் அவரை வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் 1986இல் அவரைக் கைவிட்டது. ராப் இசையிலும் கன ராக் இசையிலும் பெயர் பெற்றிருந்த தயாரிப்பாளர் ரிக் ரூபின், 1994இல் கேஷை ஒற்றைக் கிதாருடன் அமர்த்திப் பாடவைத்தார். அந்த வரிசையில் நான்காவதாக, 2002 நவம்பரில் வெளிவந்த தொகுப்பில்தான் ஹர்ட் இடம்பெற்றது.

பாடலில் கேஷ் செய்த முக்கியமான சொல் மாற்றம் ஒன்றே. மூலத்தில் இருந்த ஒரு கொச்சைச் சொல்லை நீக்கி, இயேசுவின் முள்முடியை நினைவூட்டும் சொல்லை வைத்தார். மற்றபடி வரிகள் அப்படியே இருந்தாலும் பொருள் மாறிவிட்டது. இளைஞன் பாடியபோது அது இனி என்ன ஆகுமோ என்ற அச்சம். முதியவர் பாடும்போது நடந்து முடிந்தவற்றின் கணக்கு. ஒரே சொற்கள் வேறு வயதில் வேறு பொருள் தருவதைக் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று இசையுலகில் அரிது.

படப்பிடிப்பு

இயக்குநர் ரோமனெக் இதற்கு முன்பு செலவு மிகுந்த இசைக் காணொளிகளுக்காக அறியப்பட்டவர். மைக்கேல் ஜாக்சனும் ஜேனட் ஜாக்சனும் தோன்றிய ஸ்க்ரீம் (1995) இதுவரை எடுக்கப்பட்டவற்றுள் மிகவும் செலவு பிடித்த காணொளிகளுள் ஒன்று. அது அவர் இயக்கியதே. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் குளோசர் (1994) காணொளியும் அவருடையதே. ஆக, ரெஸ்னரின் இசைக்குப் படம் பிடித்த அதே மனிதர், எட்டு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ரெஸ்னரின் பாடலை வேறொரு குரலில் கேட்டுப் படமாக்க வந்தார்.

அவர் முதலில் நினைத்திருந்தது லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அரங்கு அமைத்து, சாமுவேல் பெக்கெட்டின் நாடகங்களைப் போன்ற வெறுமையான காட்சிகளை எடுப்பது. ஆனால் கேஷின் உடல்நிலை பயணத்துக்கு இடம் தரவில்லை. குளிர்காலத்தைக் கழிக்க அவர் ஜமைக்காவில் இருந்த தம் வீட்டுக்குப் புறப்படவும் இருந்தார். எனவே படக்குழு அவசரமாக டென்னசி மாநிலத்துக்குச் சென்றது. நாஷ்வில் நகருக்கு வடகிழக்கே உள்ள ஹெண்டர்சன்வில்லில், ஏரிக்கரையில் இருந்த கேஷின் வீட்டிலேயே கேமரா வைக்கப்பட்டது. அரங்கு போடப் பணமும் காலமும் இருந்திருந்தால் இந்தக் காணொளி பிறந்திருக்காது என்றே தோன்றுகிறது.

வீட்டிலிருந்து சிறிது தொலைவில் ஹவுஸ் ஆஃப் கேஷ் என்ற அருங்காட்சியகம் இருந்தது. ஒருகாலத்தில் ரசிகர்கள் கூட்டமாக வந்து கேஷின் உடைகளையும் விருதுகளையும் தங்க இசைத்தட்டுகளையும் பார்த்துச் சென்ற இடம். படக்குழு போனபோது அது பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. வெள்ளநீர் புகுந்து சேதமாகியிருந்தது. கண்ணாடிச் சட்டங்கள் உடைந்திருந்தன. காட்சிப் பொருள்கள் ஒழுங்கற்றுக் குவிந்திருந்தன. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை தொங்கியது.

இந்த இடத்தில் இயக்குநர் எடுத்த முடிவே முழுப் படத்தையும் தீர்மானித்தது. பொதுவாக இப்படியொரு இடத்தைப் படமெடுக்கும் முன் தூசு தட்டி, உடைந்ததை மாற்றி, பாடகரின் பெருமை கெடாதபடி அடுக்கிவைப்பார்கள். ரோமனெக் எதையும் தொடாமல், இருந்தபடியே படமாக்கினார். பாழடைந்த அருங்காட்சியகமும் தளர்ந்த உடலும் ஒன்றுக்கொன்று உவமையாக நின்றன. உவமையை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உடைந்த இசைத்தட்டுச் சட்டத்துக்கு அடுத்து கேஷின் முகம் வரும்போது பார்ப்பவரே சேர்த்துக்கொள்கிறார்.

ஒளிப்பதிவாளர் ழான்-இவ் எஸ்காஃபியே பிரெஞ்சுக்காரர். குட் வில் ஹண்டிங் (1997) உள்ளிட்ட படங்களில் பணியாற்றியவர். அவர் அமைத்த ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து முகத்தின் பாதியைத் தொடுகிறது. மீதி அறை இருளில் கிடக்கிறது. கறுப்பு உடை அணிவது கேஷின் நெடுநாள் வழக்கம். ஆகவே உடல் இருளோடு கரைந்து, முகமும் கைகளும் மட்டும் மிதப்பது போலத் தெரிகின்றன. தனிமையைக் காட்ட வெறிச்சோடிய சாலையோ ஒற்றை மரமோ தேவைப்படவில்லை. பொருள்கள் நிறைந்த அறையிலேயே அது தெரிகிறது.

மேசைக் காட்சி

காணொளியில் அடிக்கடி வரும் ஒரு காட்சி, விருந்து பரிமாறப்பட்ட பெரிய மேசை. பழங்கள், கடலுணவு, திராட்சை மது என எல்லாம் நிறைந்திருக்கின்றன. உண்பதற்கு வேறு யாரும் இல்லை. தலைமை இருக்கையில் கேஷ் மட்டும் அமர்ந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் கையிலிருந்த மதுக் கோப்பையை அவர் மெல்லச் சாய்க்க, மது உணவின் மேல் வழிகிறது.

இதன் வேர் 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியத்தில் இருக்கிறது. வேனிட்டாஸ் எனப்படும் அவ்வகை ஓவியங்களில் செழிப்பான உணவும் வெள்ளிப் பாத்திரங்களும் இசைக்கருவிகளும் தீட்டப்பட்டிருக்கும். அருகிலேயே ஒரு மண்டையோடோ, அணையப்போகும் மெழுகுவர்த்தியோ, அழுகத் தொடங்கிய பழமோ இருக்கும். செல்வம் நில்லாது என்பதே அவற்றின் பொருள். நிலையாமையைத் தனி அதிகாரமாகப் படித்த தமிழ் மாணவருக்கு இது புதிய கருத்தன்று. காணொளியில் மண்டையோடு வைக்கப்படவில்லை. அதன் இடத்தில் மேசையின் தலைமாட்டில் ஒரு மனிதர் இருக்கிறார்.

பழைய படச்சுருள்கள்

அருங்காட்சியகத்தின் சேமிப்பில் கேஷின் வாழ்க்கையைப் பதிவுசெய்த பழைய படச்சுருள்கள் இருந்தன. மேடை நிகழ்ச்சிகள், பயணங்கள், ரயில்கள், மக்கள் கூட்டம் எனப் பலவகைக் காட்சிகள். அவற்றை அன்றைய முதியவரின் படத்தோடு சேர்த்து வெட்டி ஒட்டியபோதுதான் காணொளி தன் வடிவத்தை அடைந்தது.

கடந்தகாலத்தைக் காட்டும் காணொளிகளில் ஒரு பழக்கம் உண்டு. நினைவுக் காட்சிகளுக்குப் பழுப்பு நிறம் பூசுவார்கள், ஓரங்களை மங்கலாக்குவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள். கடந்தகாலம் கனவாகி விடும். நிகழ்காலம் கூர்மையாக இருக்கும். ஹர்ட் இதைத் தலைகீழாக்குகிறது. பழைய காட்சிகளில்தான் ஓட்டமும் வெளிச்சமும் கூட்டமும் இருக்கின்றன. இளம் கேஷ் நடக்கிறார், சிரிக்கிறார், மேடையில் கிதாரைத் துப்பாக்கி போலத் தூக்குகிறார். நிகழ்காலமோ அசையாமல், மங்கலாக, ஏறத்தாழ ஓவியம் போல இருக்கிறது. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் முதியவரின் மனத்துக்குள் கடந்தகாலம் இப்படித்தான் இருக்கும்: சுற்றியிருக்கும் அறையைவிட உயிரோட்டமாக. இந்த ஒரு தலைகீழ் மாற்றமே காணொளியின் உயிர்நாடி; ஒளியும் நடிப்பும் அதற்குத் துணை செய்கின்றன.

பழைய காட்சிகளுள் ஒன்று கூடுதல் கவனத்துக்குரியது. கேஷ் புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் சிறுவனாக வாழ்ந்து பிறகு கைவிடப்பட்ட டயஸ் ஊர் வீட்டைப் பார்க்கப் போகிறார். அதாவது முதியவர் நினைத்துப்பார்க்கும் இளைஞரும் தம் இளமையை நினைத்துப்பார்த்துக் கொண்டிருக்கிறார். நினைவுக்குள் நினைவாக அமைந்த இக்காட்சி திட்டமிட்டு எடுக்கப்பட்டதன்று. பல்லாண்டுகளுக்கு முன் வேறொரு நோக்கத்துக்காகப் பதிவானது.

சிலுவையேற்றக் காட்சிகளும் இடையில் வருகின்றன. அவை 1973இல் கேஷ் தம் பணத்தைப் போட்டுத் தயாரித்த த காஸ்பல் ரோட் என்ற இயேசு வரலாற்றுப் படத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதைப் படமாக்க அவர் குழுவுடன் இஸ்ரேலுக்குச் சென்றார். மனைவி ஜூன் கார்ட்டர் அதில் மகதலேனா மரியாளாக நடித்தார். காணொளியில் இக்காட்சிகளை மதப் பிரச்சாரமாகக் கொள்வதைவிட, கேஷின் சொந்த நினைவுகளில் ஒன்றாகக் கொள்வதே பொருந்தும். பாடலில் அவர் மாற்றிய அந்த ஒரு சொல்லுக்கும் இது விடை.

இவ்வகையில் படம் எடுக்க விரும்பும் மாணவர்கள் ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் கவனிக்கலாம். பழைய வீட்டுப் படங்கள் பல, நொடிக்கு 16 அல்லது 18 சட்டங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகளைப் போல விரைந்து நடப்பார்கள். எனவே மாற்றும்போது வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். கீறலையும் தூசியையும் முழுவதுமாகத் துடைத்துவிடத் தேவையில்லை. அவை அந்தச் சுருள் கடந்துவந்த காலத்தின் தடங்கள். இக்காலச் செயலிகள் புதிய படத்தின் மேல் செயற்கைக் கீறல்களைத் தூவித் தருகின்றன. சில நொடிகளுக்கு ஒருமுறை அதே கீறல் அதே இடத்தில் திரும்பி வருவதைப் பார்வையாளர் எப்படியோ கண்டுபிடித்து விடுகிறார்.

படத்தொகுப்பு பாடலின் ஒலியைப் பின்பற்றிச் செல்கிறது. தொடக்கத்தில் கிதார் மட்டும் மெல்ல ஒலிக்கிறது. காட்சிகளும் நிதானமாக மாறுகின்றன. டாம் பெட்டியின் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவைச் சேர்ந்த பென்மான்ட் டென்ச் வாசித்த பியானோ, முடிவை நெருங்கும்போது ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. ஒலி ஏறிக்கொண்டே போய் உடைந்துவிடும் நிலைக்கு வருகிறது. அதே அளவில் வெட்டுகளும் நெருங்குகின்றன: கூட்டம், சிலுவை, ரயில், முகம். பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. கேஷ் பியானோவின் மூடியைச் சாத்துகிறார். அதன் மேல் கையால் மெல்லத் தடவுகிறார். காணொளி அங்கே முடிகிறது.

ஜூன் கார்ட்டர்

தனிமையைப் பற்றிய இந்தப் படத்தில் இன்னொரு மனிதரும் இருக்கிறார். மாடிப்படியில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டர் கேஷ். 1968இல் அவரை மணந்தவர். கேஷின் போதைப் பழக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடியவர். தாமே புகழ்பெற்ற பாடகி. அவர் நடிப்பதாகத் திட்டம் இல்லை. படப்பிடிப்பைப் பார்க்கப் படியில் இறங்கி வந்தவரின் முகத்தில் அன்பு, பெருமிதம், கவலை எல்லாம் கலந்திருந்ததைக் கண்ட ரோமனெக், படத்தில் தோன்ற முடியுமா என்று கேட்டார், அவர் இசைந்தார். சில நொடிகள் மட்டுமே வரும் அந்தப் பார்வை, கேஷின் தனிமையைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டுகிறது. மிக அருகில் நிற்பவரும் அவருடைய நினைவுக்குள் நுழைய முடியாமல் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியிடலாமா என்ற தயக்கம்

கேஷின் கைகள் நடுங்கின, பார்வையும் குறைந்திருந்தது. நீரிழிவுடன் தொடர்புடைய நரம்புக் கோளாறு அவரை நெடுநாள் வாட்டியது. இப்படிப்பட்ட ஒருவரை ஒப்பனையின்றிக் காட்டுவது முறையா என்ற கேள்வி எழாமல் இல்லை. முதலில் பார்த்த குடும்பத்தினர் கண்கலங்கினர். ரூபினும் அப்படியே. கேஷுக்கே இதை வெளியிடுவதில் தயக்கம் இருந்தது.

முதுமையைக் காட்சிப்பொருளாக்கும் படங்கள் உண்டு என்பதால் இத்தயக்கம் நியாயமானதே. எனினும் இங்கு இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். கேமரா எங்கும் ஒளிந்திருந்து பார்க்கவில்லை. கேஷ் அதை நேருக்கு நேர் பார்க்கிறார். அடுத்து, பாடும் குரல் தளர்ந்திருந்தாலும் எந்த இடத்தில் மூச்சை நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்பது முழுவதும் அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்காலம் மேடையில் நின்ற கலைஞர் தம் தளர்ச்சியையும் பாட்டுக்குப் பயன்படுத்துகிறார் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

பாடலை எழுதிய ரெஸ்னருக்கும் தொடக்கத்தில் ஐயம் இருந்தது. கேஷ் பாடப்போகிறார் என்றபோது அது வெறும் புதுமைக்காகச் செய்யப்படுவதோ என்று கருதினார். பதிவைக் கேட்டபோதும் தம் அந்தரங்கத்தில் வேறொருவர் நுழைந்தது போல உணர்ந்தார். காணொளியைப் பார்த்த பிறகே அவர் மனம் மாறியது. அப்பாடல் இனித் தம்முடையது அன்று என்ற பொருளில் அவர் பின்னர் பலமுறை பேசியிருக்கிறார்.

நினைவேக்கம் என்று தமிழில் சொல்லப்படும் நாஸ்டால்ஜியா, முதலில் ஒரு நோயின் பெயராக இருந்தது. ஊரை விட்டுத் தொலைவில் வாழ்ந்து வாடியவர்களைக் குறிக்க, யோகானஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் 1688இல் தம் ஆய்வேட்டில் உருவாக்கிய சொல் அது. வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. காலப்போக்கில் அதிலிருந்து வலி கழன்று, இனிய பழைய நினைவு என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. வலி என்பதையே பெயராகக் கொண்ட இக்காணொளியில் அந்தப் பாதி திரும்பி வந்திருக்கிறது.

பின்னர் நிகழ்ந்தவை

எஸ்காஃபியே 2003 ஏப்ரலில் காலமானார். ஜூன் கார்ட்டர் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் 2003 மே 15 அன்று தம் 73ஆம் வயதில் இறந்தார். படியில் நின்றவர் பார்க்கப்பட்டவருக்கு முன்பே சென்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த எம்டிவி விருது விழாவில் ஹர்ட் ஆறு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, ஒளிப்பதிவுக்கான விருதை மட்டும் வென்றது. கேஷ் மருத்துவமனையில் இருந்ததால் விழாவுக்கு வர இயலவில்லை. சிறந்த ஆண் பாடகர் காணொளி விருதைப் பெற்ற இளைஞர் ஜஸ்டின் டிம்பர்லேக், அது கேஷுக்குச் சேர வேண்டியது என்று மேடையிலேயே கூறினார். செப்டம்பர் 12 அன்று கேஷ் நாஷ்வில்லில் காலமானார், வயது 71. நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த காணொளி விருதும், 2004 பிப்ரவரியில் குறுங்காணொளிக்கான கிராமி விருதும் அவர் மறைவுக்குப் பின் வந்தன.

ஏரிக்கரை வீட்டை, பீ ஜீஸ் குழுவின் பாடகர் பேரி கிப் வாங்கினார். புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது 2007 ஏப்ரல் 10 அன்று அது தீப்பற்றி எரிந்தது. கேஷ் அமர்ந்து பாடிய அறைகளையும் ஜூன் நின்ற படிக்கட்டையும் இன்று இந்தக் காணொளியில்தான் பார்க்க முடியும்.